சொந்த விக்கியை எங்கே வைப்பது? மூன்று முறை இடம் மாற்றியவனின் வழிகாட்டி

என் விக்கியில், அதாவது விக்கிப்பீடியா மாதிரி உலாவியிலேயே திருத்திக்கொள்ளும் பக்கத் தொகுப்பில், இப்போது ஏறக்குறைய 1,400 பக்கங்கள். அம்மாவின் சமையல், வீட்டு மோட்டார் எந்த மாதம் ரீவைண்டிங் ஆனது, அப்பாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, படித்த புத்தகங்களின் குறிப்பு, குலதெய்வக் கோயில் கொடைக்கு யார் எவ்வளவு வரி கொடுத்தார்கள் என்ற கணக்கு. வாசகர்கள் ஐந்து பேர். எழுதுபவர்கள் நானும் தங்கையும். இந்த ஐந்து பேருக்காக மூன்று முறை சர்வர் (விக்கி ஓடும், எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி) மாற்றினேன். ஒருமுறை சர்வரையே தொலைத்தேன். எனக்குப் போன பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கமாண்டுகளை இங்கே தேடாதீர்கள். அவை அந்தந்த மென்பொருளின் ஆவணங்களில் சரியாகவே இருக்கின்றன. எதை எந்த வரிசையில் முடிவு செய்வது, எங்கே பணம் போகும், எங்கே கால் தடுக்கும் என்பது மட்டும்தான் என் பேச்சு.

1. சர்வர் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

விக்கியைப் படிப்பதும் எழுதுவதும் நீங்கள் ஒருவர்தான், அதுவும் ஒரே கணினியில்தான் என்றால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். டிட்லிவிக்கி என்று ஒன்று 2004-லிருந்து இருக்கிறது. மொத்த விக்கியும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். மாத வாடகை பூஜ்யம்.

கைபேசியிலும் பார்க்க வேண்டும், ஆனால் எழுதுவது ஒருவர்தான் என்றாலும் சர்வர் கட்டாயமில்லை. சாதாரண உரைக் கோப்புகளாக எழுதி, சின்க்திங் மாதிரி ஒன்றால் கணினிக்கும் போனுக்கும் ஒத்திசைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆள் எழுத வரும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஒரே பக்கத்தை இருவர் திருத்தினால் யாருடையது நிற்கும், போன வாரம் இருந்த வரியை யார் எடுத்தது என்ற கேள்விகள் வரும். அப்போது சர்வர் வேண்டும்.

2. மென்பொருள் முதலில், சர்வர் அப்புறம்

நான் செய்த முதல் தவறு இதுதான். தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து சர்வரை வாங்கிவிட்டு, அதில் என்ன ஓடும் என்று பிறகு யோசித்தேன். குதிரையைப் பார்க்காமல் சேணம் வாங்கிய கதை.

சொந்த விக்கிக்கு நடைமுறையில் மூன்று நான்கு பெயர்கள்தான் அடிபடும்.

மீடியாவிக்கி: விக்கிப்பீடியா ஓடுவது இதில்தான். பழகிய முகம் என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். பிஎச்பி என்ற நிரல்மொழியோடு, பக்கங்களைச் சேமித்து வைக்க மரியாடிபி போன்ற ஒரு டேட்டாபேஸும் வேண்டும். வார்ப்புருக்களும் (பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் அச்சு) பகுப்புகளும் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இது உலகமே வந்து திருத்துவதற்காகக் கட்டிய வீடு. நிறுவியவுடன் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கணக்கு தொடங்கலாம், கணக்கே இல்லாமல் திருத்தலாம் என்பதுதான் இயல்பு அமைப்பு. நான் இரண்டு நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் 'சமையல்' பக்கம் முழுக்கச் சூதாட்ட இணைப்புகள்.

அதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. பக்கங்களை உள்நுழைந்தவர்கள் மட்டுமே படிக்கும்படி பூட்டினாலும், ஏற்றிய படங்களும் பிடிஎஃப்களும் 'இமேஜஸ்' அடைவில் வெளியே தெரியும்படிதான் இருக்கும். முகவரி தெரிந்தவர் நேராகத் திறந்துவிடலாம். அதை அடைக்கத் தனி வழி இருக்கிறது; ஆனால் நீங்களாகத் தேடிச் செய்ய வேண்டும். ஆதார் ஸ்கேனையும் வீட்டுப் பத்திரத்தையும் ஏற்ற நினைப்பவர்கள் இதைச் செய்யாமல் ஏற்றவே கூடாது.

டோக்குவிக்கி: டிட்லிவிக்கி போல இதுவும் 2004-ல் வந்ததுதான். டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஓர் உரைக் கோப்பு, பழைய பதிப்புகள் சுருக்கிய கோப்புகளாக ஓர் அடைவில். யார் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்று பகுதி பகுதியாகப் பூட்டலாம். படங்களுக்கும் அதே பூட்டு பொருந்தும். பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து முகம். நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். சர்வர் நாளை மண்ணாகிப் போனாலும் அந்த உரைக் கோப்புகளை நோட்பேடில் திறந்து படிக்க முடியும். அது ஒன்று போதும் எனக்கு.

புக்ஸ்டாக், விக்கி ஜேஎஸ்: இரண்டும் பார்க்க அழகு. முன்னது பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும். பின்னது நோட் ஜேஎஸ், கூடவே போஸ்ட்கிரெஸ். இழுத்துப் போடும் எடிட்டர் இல்லாமல் வீட்டில் யாரும் எழுத மாட்டார்கள் என்றால் புக்ஸ்டாக் நல்ல தேர்வு. எந்த டேட்டாபேஸ் ஆனாலும் அதைத் தனியாகப் பேக்கப் எடுக்கும் வேலை உங்கள் தலையில்தான்.

தமிழில் எழுதுபவர்கள் எதை எடுத்தாலும் தேடலை ஒருமுறை சோதித்துவிடுங்கள். இவற்றில் எதுவும் தமிழ்ச் சொல்லின் வேரைக் கண்டுபிடிக்காது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. டோக்குவிக்கியிலும் மீடியாவிக்கியிலும் 'மர' என்று எழுதிப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். வீட்டாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் 'உன் விக்கியில் ஒன்றுமே கிடைப்பதில்லை' என்று சொல்லிவிட்டு மறுபடி வாட்ஸ்ஆப்பிலேயே கேட்பார்கள்.

மென்பொருள் மாற்றம் சாத்தியம்தான். பாண்டாக் என்ற இலவசக் கருவி மீடியாவிக்கி எழுத்துமுறையை டோக்குவிக்கிக்கு மாற்றித் தரும். என்னுடைய 900 பக்கங்களை அது அரை நிமிடத்தில் மாற்றியது. உடைந்துபோன அட்டவணைகளையும் வார்ப்புருக்களையும் கையால் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

3. எங்கே குடியேறுவது

ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கானவர்களோடு ஒண்டுக்குடித்தனம். டோக்குவிக்கிக்கும் சிறிய மீடியாவிக்கிக்கும் இது தாராளம். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் இரண்டு மூன்று சொடுக்கில் நிறுவிவிடலாம்; சர்வர்கள் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் தெரிய வேண்டாம்; பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் பாதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது விலை: மாதம் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அது மூன்று நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம். அந்தப் பொடி எழுத்து விலையைத்தான் உண்மை விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோப்பு எண்ணிக்கை வரம்பு. 'அளவற்ற இடம்' என்பார்கள். ஆனால் எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதற்கு ஐநோடு என்ற பெயரில் ஒரு வரம்பு இருக்கும். டோக்குவிக்கி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கோப்பு போடும், கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகள் வேறு. வாங்கும் முன் அந்த எண் என்ன என்று வாடிக்கையாளர் சேவையில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விபிஎஸ். பெரிய கணினியிலிருந்து உங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கும் மெய்நிகர் சர்வர். முழு வீடும் உங்களுடையது. கூட்டிப் பெருக்குவதும் உங்களுடையது. ஒரு ஜிபி நினைவகம் போதும். இரண்டு ஜிபி, நான்கு ஜிபி என்று மேலே போகத் தோன்றும். ஐந்து பேர் படிக்கும் விக்கிக்கு அது கல்யாண மண்டபம் பிடித்துத் தனியாகச் சாப்பிடுவது மாதிரி. நான் இதை எழுதும்போது டிஜிட்டல்ஓஷனில் ஒரு ஜிபி சர்வர் மாதம் 6 டாலர், லினோடில் 5 டாலர். முன்னதற்கு பெங்களூருவிலும் பின்னதற்கு மும்பையிலும் சென்னையிலும் தரவு மையம் உண்டு. உங்கள் கையிலிருந்து போவது அந்த 6 டாலர் மட்டும் இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி, கார்டு வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம் எல்லாம் சேர்த்தால் மாதம் 600 ரூபாயைத் தாண்டும். வருடத்துக்கு 7,500 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜிபி சர்வரில் மீடியாவிக்கி ஓட்டினால் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கைகொடுக்க வட்டில் ஒதுக்கும் இடம்) அமைக்க மறக்காதீர்கள். பல விபிஎஸ்களில் அது இயல்பாக இருக்காது. நினைவகம் தீரும்போது லினக்ஸ் அதிகம் தின்னும் செயலியைக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் டேட்டாபேஸாகத்தான் இருக்கும். நள்ளிரவில் 'டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை' என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒன்றிரண்டு ஜிபி ஸ்வாப் கோப்பு வைத்தபிறகு எனக்கு அது வரவே இல்லை.

இன்னொன்று, சர்வரை 'ஆஃப்' செய்து வைத்தால் காசு மிச்சம் என்று நினைப்பார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் ஆஃப் ஆனாலும் மீட்டர் ஓடும், அழித்தால்தான் நிற்கும்.

இலவச விபிஎஸ். ஆரக்கிள் கிளவுடின் 'எப்போதும் இலவசம்' திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலவசம்தான். ஆனால் ஏழு நாள் வேலை செய்யாமல் சும்மா கிடக்கும் சர்வர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஐந்து பேர் படிக்கும் விக்கியின் சர்வர் நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். சோதித்துப் பழக நல்ல இடம். குடும்ப ஆவணத்துக்கு இல்லை.

வீட்டிலேயே. ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் தரவு வீட்டை விட்டுப் போகாது. ஐந்து வாட் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட் மின்சாரம். கரண்ட் பில்லில் தெரியவே தெரியாது. நான் எட்டு மாதம் இப்படி ஓட்டினேன். படுத்தியவை: மின்வெட்டு (ரவுட்டருக்கும் பைக்கும் சேர்த்துச் சின்ன யுபிஎஸ் வாங்கினேன்), எஸ்டி கார்டு செத்தது (எஸ்எஸ்டி வையுங்கள், எஸ்டி கார்டை நம்ப வேண்டாம்), எல்லாவற்றுக்கும் மேலாக சிஜிநாட்.

இந்த சிஜிநாட் என்னவென்றால், உங்கள் இணையச் சேவை நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கு வைத்துக் கொடுக்கும். தெருவுக்கே ஒரு கதவு எண். அதனால் வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது; ரவுட்டரில் எத்தனை போர்ட் (இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறந்தாலும் பயனில்லை. நான் இது தெரியாமல் இரண்டு வாரம் ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். சோதிப்பது சுலபம்: ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் தெரியும் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வேறு எண்ணாக இருந்தாலும், கூகுளில் 'என் ஐபி' என்று தேடினால் வருவதோடு அது பொருந்த வேண்டும். நிலையான ஐபி கேட்டுக் கூடுதல் கட்டணம் கட்டலாம். அல்லது டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் தனி வலை அமைக்கும் விபிஎன்) போட்டு, குடும்பத்தார் போன்களில் மட்டும் அதை நிறுவி, விக்கியை இணையத்துக்கே காட்டாமல் வைக்கலாம். வாசகர்கள் அத்தனை பேரும் உங்கள் சொல் கேட்பவர்கள் என்றால் இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி. எங்கள் சித்தப்பா போனில் 'விபிஎன் ஆஃப் ஆகியிருக்கு' என்று மாதம் நான்கு முறை போன் வந்ததால் நான் கைவிட்டேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் சேவை வழியாகவும் வெளியே காட்டலாம். அப்போது உங்கள் போக்குவரத்தின் குறியாக்கம் அவர்கள் கையில் அவிழ்க்கப்பட்டுத்தான் உங்களுக்கு வரும். அது சம்மதமா என்று பாருங்கள்.

விக்கிப் பண்ணைகள். மிராஹீஸ் மாதிரி லாப நோக்கமற்ற அமைப்பு மீடியாவிக்கியை இலவசமாகத் தருகிறது. கோரிக்கை வைத்து அனுமதி வாங்க வேண்டும். நீண்ட நாள் யாரும் தொடாத விக்கியை மூடும் கொள்கையும் உண்டு. பொதுவில் வைக்கத்தக்க ஊர் வரலாறு, செடிகொடிக் குறிப்பு என்றால் சரி. குடும்பக் கணக்குக்கு இது இடமில்லை.

முடிவு எடுக்கத் தடுமாறினால் என் கணிப்பு இது: லினக்ஸ் புதிது என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் டோக்குவிக்கி. ஓரளவு பழக்கம் என்றால் ஒரு ஜிபி விபிஎஸ்ஸில் டோக்குவிக்கி. வேறு எதற்கும் உங்களிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும்.

4. டொமைன்: சர்வர் விற்பவரிடம் வாங்காதீர்கள்

டொமைன் என்பது உங்கள் விக்கியின் இணைய முகவரிப் பெயர். 'ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்' என்பார்கள். அது முதல் வருடத்துக்கு. ஹோஸ்டிங்கில் மனஸ்தாபம் வந்து வெளியேறும்போது டொமைனும் அவர்கள் பிடியில் இருக்கும். டொமைன் விற்கும் தனிப் பதிவாளரிடம், உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை அஞ்சலும் வராமல் போகும்.

டாட் காம் போன்றவற்றுக்குப் பதிவு செய்தவுடன் மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஓர் இணைப்பு வரும். 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். பதிவு செய்து 60 நாளுக்கு வேறு பதிவாளருக்கு மாற்றவும் முடியாது.

'டாட் இந்தியா' என்று தமிழிலேயே டொமைன் கிடைக்கிறது, ஆசையாக இருக்கும். வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பல செயலிகளில் ஒட்டும்போது அது ப்யூனிகோட் என்ற பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையாக மாறித் தெரியும். பார்ப்பவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார்கள்.

5. ஆவணமும் பணமும்

இந்திய நிறுவனத்தில் விபிஎஸ் எடுத்தால் பான் அட்டையோ ஆதாரோ கேட்பார்கள். மோசடி இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி தரவு மையங்களும் விபிஎஸ், கிளவுட் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், வாடகைக்காலம், கொடுத்த ஐபி போன்றவற்றை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். பானில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயரைப் பதியுங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறினால் சரிபார்ப்பு திரும்பிவரும். எனக்கு நான்கு நாள் போனது அதில்தான். முகவரிச் சான்று, பான், போன் எண் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு திங்கள் செவ்வாயில் விண்ணப்பியுங்கள். வெள்ளி மாலை போட்டால் திங்கள் வரை காத்திருப்புதான்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் ஆவணம் அநேகமாகக் கேட்க மாட்டார்கள், கார்டுதான் தொல்லை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு இ-மேண்டேட் (நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் ஒப்புதல்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத பிடித்தத்தை வங்கி நிராகரித்துவிடும். முதல் மாதம் ஓடிபி போட்டுக் கட்டியது சரியாகப் போகும். இரண்டாம் மாதம் தானாகப் போகாது. நான் சர்வரைத் தொலைத்தது இப்படித்தான். வெளிநாட்டு நிறுவனம், பெயர் வேண்டாம். பணம் பிடிக்கவில்லை என்ற அஞ்சல்கள் 'விளம்பரங்கள்' பகுதிக்குள் போய் விழுந்துகொண்டே இருந்தன. ஊரில் கொடை, நான் பத்து நாள் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்தபோது சர்வரும் இல்லை, அதே கணக்கில் நான் காசு கட்டி வைத்திருந்த பேக்கப்பும் இல்லை. கேட்டால், நிபந்தனைகளில் இருக்கிறது என்றார்கள். இருந்ததுதான்.

ஆகவே, முன்பணமாகக் கணக்கில் போட்டு வைக்க முடிகிற நிறுவனத்தை எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையால் போடுங்கள். அந்த நிறுவனத்தின் அஞ்சல் முகவரிக்கு ஒரு வடிகட்டி வைத்து எப்போதும் உள்பெட்டிக்கு வரச் செய்யுங்கள்.

6. முதல் மாலை: கதவைப் பூட்டுவது

ஷேர்டு ஹோஸ்டிங்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். விபிஎஸ் எடுத்தவர்களுக்கு மூன்று மணி நேர வேலை.

லினக்ஸில் உபுண்டு 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழிக்கு எஸ்எஸ்எச் என்று பெயர்; அதில் கடவுச்சொல் நுழைவை அணைத்து எஸ்எஸ்எச் சாவியை மட்டும் வையுங்கள். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சை அனுமதித்த பிறகுதான் ஃபயர்வாலை இயக்க வேண்டும். வரிசை மாறினால் உங்கள் வீட்டுக்கு வெளியே நீங்களே நின்று கதவைத் தட்டுவீர்கள். டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) பயன்படுத்தினால் இன்னொரு பொறி: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வால் 'மூடியிருக்கிறது' என்று காட்டும், டேட்டாபேஸ் போர்ட் உலகத்துக்குத் திறந்திருக்கும். போர்ட்டை உள்முகவரிக்கு மட்டும் கட்டுங்கள்.

முகவரியில் 'எச்டிடிபிஎஸ்' வருவதற்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. 90 நாள் சான்றிதழ்கள். செர்ட்பாட் என்ற கருவி தானாகப் புதுப்பிக்கும். புதுப்பிக்கத் தவறினால் முன்பெல்லாம் எச்சரிக்கை அஞ்சல் வரும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். எனவே புதுப்பிப்பு ஓடுகிறதா என்று முதல் மாதத்திலேயே ஒருமுறை சோதனை ஓட்டம் பாருங்கள்.

கடவுச்சொல் மறந்தால் மாற்றும் அஞ்சல் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ஸ்பேமுக்குப் பயந்து பல விபிஎஸ் நிறுவனங்கள் அஞ்சல் போர்ட்டுகளை அடைத்து வைத்திருக்கின்றன. இரண்டு பேர்தான் எழுதுகிறீர்கள் என்றால் அஞ்சலே வேண்டாம். நீங்களே கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

7. முதல் பக்கம் எழுதுவதற்கு முன்

டோக்குவிக்கி எடுத்தவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பக்கத்தின் பெயரே கோப்பின் பெயர். இயல்பு அமைப்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகளைச் சதவீதக் குறியீடாக மாற்றித்தான் கோப்புப் பெயரில் எழுதும். ஒரு தமிழ்க் குறியீடு யூனிகோடில் மூன்று பைட். சதவீதக் குறியீட்டில் ஒன்பது எழுத்து. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. 'பாட்டி வைத்த வத்தக்குழம்பு செய்முறை' என்ற தலைப்பில், ஒற்றும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக எண்ணினால், 32 இருக்கின்றன. 32 பெருக்கல் 9, 288. பக்கம் சேமிக்கவே சேமிக்காது. நான் ஹோஸ்டிங்காரரைத் திட்டி டிக்கெட் போட்டேன். பாவம், அவர்கள் மேல் தவறே இல்லை.

நிர்வாகப் பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் 'எஃப்என்என்கோட்' என்ற தேர்வு இருக்கிறது. அதை யுடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். அதே தலைப்பு நூறு பைட்டுச் சுமாரில் அடங்கிவிடும், கோப்புப் பெயரும் தமிழிலேயே தெரியும். பக்கங்கள் எழுதிய பிறகு மாற்றினால் பழைய தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் 'இல்லை' என்று வரும். ஆகவே முதல் நாளே செய்யுங்கள்.

இதன் வால் ஒன்று: பழைய மேக் கணினியின் கோப்பு முறை 'கொ', 'கோ' போன்றவற்றின் குறியீட்டை இரண்டாகப் பிரித்துப் பெயரைச் சேமிக்கும். அதன் வழியாக நகலெடுத்தால் கண்ணுக்கு ஒரே பெயர், சர்வருக்கு வேறு பெயர். 'கொத்தமல்லி' மட்டும் காணாமல் போய் மற்றதெல்லாம் இருந்தால் காரணம் இதுதான். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல் சர்வரிலேயே டார் கட்டி ஒரே பொட்டலமாக நகர்த்துங்கள்.

நிறுவும்போது 'மூடிய விக்கி' என்பதைத் தேர்ந்தெடுத்து, தாமாகப் பதிவு செய்துகொள்ளும் வசதியை அணையுங்கள். நிறுவல் கோப்பை அழியுங்கள். எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் (பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் மென்பொருள்) வைத்திருந்தால் கட்டாயம் ஒரு சோதனை: அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வருக்கான பூட்டுக் கோப்புகள் அதில் வேலை செய்யாது. உலாவியில் விக்கி முகவரிக்குப் பின்னால் தரவு அடைவின் பாதையையும் ஏதாவது ஒரு பக்கக் கோப்பின் பெயரையும் அடித்துப் பாருங்கள். உரை அப்படியே வந்தால் உங்கள் பூட்டெல்லாம் வீண். எஞ்சின்எக்ஸ் அமைப்பில் அந்த அடைவுகளை மறுக்க வேண்டும்.

விக்கி பொதுவில் இருந்தால் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் உறிஞ்சிகள் (பக்கங்களைத் தானாக வாரிக்கொள்ளும் நிரல்கள்) வரும். ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு பழைய பதிப்பையும் கேட்டு ஒரு ஜிபி சர்வரை மூச்சுத் திணறடிக்கும். 2024 ஜனவரியிலிருந்து ஊடகக் கோப்புகளுக்கான அலைக்கற்றைப் பயன்பாடு 50 சதவீதம் ஏறியதாக விக்கிமீடியாவே 2025-ல் சொன்னது, நாம் எம்மாத்திரம். குடும்ப விக்கிக்கு மருந்து சுலபம்: வெப் சர்வர் அளவிலேயே ஒரு பொதுக் கடவுச்சொல். பிஎச்பி வரைக்கும் யாரும் வர மாட்டார்கள்.

8. பேக்கப்: வேறு கணக்கில், வேறு கையில்

சர்வர் விற்பவர் தரும் பேக்கப் வசதி நல்லதுதான். டிஜிட்டல்ஓஷனில் வாராந்திரப் பேக்கப்புக்குச் சர்வர் வாடகையில் 20 சதவீதம். ஆனால் கணக்கு போனால் அதுவும் போகும் என்பதை மேலே படித்தீர்கள். அன்று என்னைக் காப்பாற்றியது மூன்று வாரத்துக்கு முன் சும்மா மடிக்கணினிக்கு எடுத்து வைத்த ஒரு நகல். மூன்று வாரத்துப் பக்கங்களில் பாதியைத் தங்கையின் உலாவிக் கேஷிலிருந்து மீட்டோம். மீதி போனது போனதுதான்.

டோக்குவிக்கிக்கு 'கான்ஃப்' அடைவும், தரவு அடைவுக்குள் பக்கங்கள், படங்கள், பழைய பதிப்புகள், மெட்டா ஆகியவையும் போதும். கேஷும் தேடல் அட்டவணையும் தேவையில்லை, தானாக மறுபடி உருவாகும். தினமும் இரவு ஆர்குளோன் என்ற கருவி மூலம் கூகுள் டிரைவுக்கு ஒரு நகல், வாரம் ஒருமுறை வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நகல். 1,400 பக்கங்களின் உரை ஒரு நல்ல புகைப்படத்தின் அளவுகூட வராது, இடத்துக்குப் பயப்படாதீர்கள்.

டேட்டாபேஸ் உள்ளவர்கள் அதை முழுதாக ஒரே கோப்பில் இறக்கும் டம்ப் எடுத்து, அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்துமுறை அமைப்பு தவறினால் எல்லாம் கேள்விக்குறியாக விழும். மீட்கவே முடியாது, ஏனென்றால் கோப்பில் இருப்பதே கேள்விக்குறிதான். மீடியாவிக்கியில் டம்ப்போடு 'இமேஜஸ்' அடைவும் அமைப்புக் கோப்பும் தனியாக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை எடுத்து மடிக்கணினியில் விக்கியை எழுப்பிப் பாருங்கள். எனக்கு இதற்கு நாற்பது நிமிடம் ஆகிறது. முதல் முறை செய்தபோது படங்களின் அடைவு நான்கு மாதமாக நகலாகவே இல்லை என்று தெரிந்தது. பாதையில் ஓர் எழுத்துப் பிழை.

கடைசியாக ஒரு தாள். டொமைன் எங்கே வாங்கியது, சர்வர் எங்கே, எந்தத் தேதியில் எதற்குப் பணம், பேக்கப் எங்கே கிடக்கிறது, இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகள். கையால் எழுதி, கடன் பத்திரம், எல்ஐசி பாலிசி வைத்திருக்கும் உறையில் போடுங்கள். விக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக எழுதி வைக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன்.